வாய் திறந்து விலை கேளுங்கோ

(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மாஸ்டர், வகுப்பைப் பற்றி ஒரு பதினைந்து நிமிசம் கதையுங்கோ" என்று விழாக் குழுவினர் கேட்டார்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் நடத்துகிற சிறிய ஆங்கில வகுப்பைத்தான் சொல்கிறார்கள். அங்கே நாங்கள் முதலில் படிப்பிப்பது இலக்கணம் அல்ல, காசுக் கணக்கும் கடைப் பேச்சும்தான். ஏன் அப்படி என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

இன்று காலை உங்களில் பலர் பிள்ளைகளுக்குக் கைவிசேஷம் கொடுத்திருப்பீர்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் அப்பு வெற்றிலையில் வைத்து ஒரு ரூபாய் தருவார். அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சந்திக் கடைக்கு ஓடுவேன். "அண்ணை, இது என்ன விலை? அது என்ன விலை? மிச்சம் எவ்வளவு தருவியள்?" என்று நானே கேட்பேன். எனக்காக வேறு யாரும் வாய் திறக்கவில்லை. ஏழு வயதில் எனக்கு இருந்த அந்த வல்லமை, முப்பது வயதில் மொன்றியலுக்கு வந்த அன்று இல்லாமல் போய்விட்டது.

நான் வந்தது 1988 ஆம் ஆண்டு மாரி காலத்தில். அதற்கு இரண்டு வருடம் முன்னர், 1986 ஆவணியில், நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 150க்கு மேற்பட்ட எங்கள் சனங்களை மீனவர்கள் கரை சேர்த்தது உங்களுக்குத் தெரியும். அவர்களில் பலர் இந்த நகரத்துக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்தார்கள். அந்த நாட்களில் பார்க் எக்ஸ்டென்ஷனிலும் கோட் டி நேஜிலும் ஒரு அறையில் நாலைந்து பேராக இருந்தோம். கடைக்குப் போவது முறை வைத்து.

என்னுடைய முறை வந்த அன்று பாலும் பாணும் முட்டையும் எடுத்துக்கொண்டு காசாளர் முன்னால் நின்றேன். ஐம்பது டொலர் தாளை நீட்டினேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு, "டூ யூ ஹாவ் எ ஸ்மோலர் பில்?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த 'பில்' கடைக்காரன் எழுதித் தருகிற துண்டு. பில் தரவேண்டியது அவள், என்னிடம் ஏன் கேட்கிறாள்? "நோ பில், நோ பில்" என்று பதறிப்போய்ச் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். பிறகு சட்டைப்பையில் கிடந்த சில்லறை முழுவதையும் உள்ளங்கையில் பரப்பி அவளுக்கு முன்னால் நீட்டினேன். அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். சரியாகத்தான் எடுத்திருப்பாள். ஆனால் சரியா பிழையா என்று அறிய என்னிடம் வழி இருக்கவில்லை. அந்த விரித்த கையை நான் இன்னும் மறக்கவில்லை. இங்கே இருக்கிறவர்களில் எத்தனை பேர் அப்படிக் கையை விரித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வெட்கப்படாதேங்கோ, நானும் விரித்தவன்தான்.

இந்த நாட்டில் நோட்டுக்கும் 'பில்' என்றுதான் பெயர். அவள் கேட்டது சின்ன நோட்டு. ஊரில் நாங்கள் படித்த ஆங்கிலம் பிழையானது அல்ல. ஆனால் அதே சொல்லுக்கு இங்கே வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள். இன்னொன்று பாருங்கள். ஊரில் பஸ் கொண்டக்டரிடம் "பலன்ஸ் தாங்கோ" என்று மிச்சக்காசு கேட்டோம். இங்கே மிச்சக்காசுக்குச் சொல்வது 'சேஞ்ச்'. 'பலன்ஸ்' என்றால் வங்கிக் கணக்கில் உங்களுடைய இருப்பு. அதே சொல் கிறெடிற் காட் கடிதத்தில் வந்தால் நீங்கள் கட்டவேண்டிய கடன்! "எனக்கு இவ்வளவு பலன்ஸ் இருக்குது" என்று கிறெடிற் காட் கடிதத்தைக் காட்டிச் சந்தோசப்பட்ட ஒரு தம்பியை நான் கண்டிருக்கிறேன். அந்தக் கடிதத்தில் 'மினிமம் பேமென்ற்' என்று ஒரு சின்னத் தொகையும் இருக்கும். அதைக் கட்டினால் கடன் முடிந்தது என்று நினைக்கக்கூடாது. மிச்சத்துக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

சரி, இதெல்லாம் சிரிக்கக்கூடிய கதை. சிரிக்க முடியாத கதை ஒன்றும் உண்டு.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வகுப்புக்கு ஒரு அம்மா வந்தா. பெயர் வேண்டாம். ஒருநாள் பத்து வயது மகனுக்குப் பனிச் சப்பாத்து வாங்கப் போயிருக்கிறா. விலை நாற்பது டொலர். வேறு சாமான்களும் இருந்தன. காசாளர் சப்பாத்தை இரண்டு முறை அடித்துவிட்டார். தொகையைக் கண்டதுமே அம்மாவுக்கு விளங்கிவிட்டது. ஊரில் சங்கக்கடையில் கணக்கெழுதினவ அவ. மகனைப் பார்த்து, "தம்பி, கூட எடுத்திட்டினம், கேள்" என்றா. அவனுக்கு வெட்கம். பின்னால் சனம் நிற்குது. "அம்மா, விடுங்கோ, ஆக்கள் பாக்கினம்" என்று சொல்லிவிட்டான். அம்மாவும் காசைக் கட்டிவிட்டு வந்துவிட்டா. வகுப்பில் வந்து அவ சொன்னது ஒரே வசனம்: "மாஸ்டர், எனக்குக் கணக்குத் தெரியும். கதைக்கத்தான் தெரியாது."

எங்களுடைய அகதி விசாரணையில் ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கொண்டுவந்து இருத்தினார்கள். கடையில், வங்கியில், வீட்டுக்காரனிடம் யார் மொழிபெயர்ப்பாளர்? எங்கள் பிள்ளைகள்தான். வாடகை பிந்தியதை அவன்தான் வீட்டுக்காரனுக்குச் சொல்கிறான். கையில் காசு போதாமல் எந்தச் சாமானைத் திருப்பி வைப்பது என்பதையும் அவனே சொல்லவேண்டும். பத்து வயதில் அவனுக்கு வீட்டுக் கடன் முழுவதும் தெரியும். தாய் தகப்பன் வாயில்லாமல் நிற்பதை அவன் கண்ணால் காண்கிறான். பிறகு "சொல்வழி கேக்கிறான் இல்லை" என்று நாங்கள் குறைப்படுகிறோம். ஆருடைய வாய் கடையில் பேசுகிறதோ, அவருடைய கையில்தான் மடிப்பெட்டி இருக்கிறது. அந்தப் பாரத்தைப் பிள்ளையின் தலையில் இருந்து இறக்குவதற்காகத்தான் நாங்கள் காசுப் பேச்சை முதலில் படிப்பிக்கிறோம்.

எங்கே தொடங்குவது? சில்லறையில் தொடங்குங்கள்.

25 சதக் குற்றி 'குவாட்டர்', 10 சதம் 'டைம்', 5 சதம் 'நிக்கல்'. புதிதாக வந்தவர்கள் மாறுபடுகிற இடம் இதுதான்: டைம் உருவத்தில் நிக்கலைவிடச் சிறியது, பெறுமதியில் இரண்டு மடங்கு. ஒரு டொலர்க் குற்றிக்கு 'லூனி' என்று பெயர் வந்தது அதில் இருக்கிற 'லூன்' என்ற நீர்ப்பறவையால். அது 1987 இல் வந்தது. 'ரூனி' என்கிற இரண்டு டொலர்க் குற்றி 1996 இல் வந்தது. ஒரு சதக் குற்றியை இப்போது தேடவேண்டாம். 2013 மாசி மாதத்தோடு அதைக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அதனால் காசாகக் கட்டும்போது மொத்தத் தொகையை ஐந்து சதத்துக்குக் கிட்டவாகச் சரிக்கட்டுவார்கள். 12 டொலர் 42 சதம் என்றால் 12.40, 43 சதம் என்றால் 12.45. காட்டினால் கட்டினால் சதம் பிசகாமல் எடுப்பார்கள். இது தெரியாமல் "இரண்டு சதம் ஏமாத்திப்போட்டான்" என்று சண்டைக்குப் போகக்கூடாது.

மொன்றியலில் இன்னொரு வேடிக்கை. இங்கத்தைய பழைய பிரெஞ்சுக்காரர் 25 சதக் குற்றியைத் 'த்ராந்த் சூ' என்பார்கள், அதாவது முப்பது சதம்! முன்னொரு காலத்தில் ஒரு டொலருக்கு 120 'சூ' என்று கணக்கிருந்தது. அதன் கால்வாசி முப்பது. கணக்கு மாறிப் பல தலைமுறை ஆகியும் வாய் மாறவில்லை. டொலரைப் 'பியாஸ்' என்று சொல்வதும் அவர்கள்தான். ஆகவே சொல் புரியாமல் நிற்பது எங்கள் மூளைக் குறை அல்ல. பாரிசில் இருந்து வந்தவனும் இதற்கு ஒருக்கால் முழிப்பான்.

அடுத்தது எண்கள். தமிழில் பதினைந்தும் ஐம்பதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஒலி. ஆங்கிலத்தில் 'ஃபிஃப்ரீன்', 'ஃபிஃப்ரி' இரண்டும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள். பதினைந்தில் கடைசிப் பகுதியை நீட்டி அழுத்துவார்கள். ஐம்பதில் முதற் பகுதியை அழுத்திக் கடைசியை விழுத்திவிடுவார்கள். காது பிடிக்காவிட்டால் ஊகிக்க வேண்டாம். "வன் ஃபைவ், ஓர் ஃபைவ் சீரோ?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்காகவே வகுப்புக்கு வந்தது போதும் என்று ஒரு அண்ணர் சொன்னார். பழைய சோபா ஒன்றைப் பதினைந்து டொலர் என்று நினைத்துத் தூக்கப் போனவர் அவர்.

'ஃபோர் நைன்ரி நைன்' என்றால் என்ன விலை? பேனை என்றால் 4 டொலர் 99 சதம். குளிர்ப்பெட்டி என்றால் 499 டொலர். இரண்டையும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள். பிரெஞ்சு விலைத் துண்டில் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இருக்கும், டொலர் அடையாளம் எண்ணுக்குப் பின்னால் வரும். பிரெஞ்சில் 99 என்பதை "நாலு இருபது, பத்தொன்பது" என்று கட்டிச் சொல்கிறார்கள். இதென்ன கோதாரி என்று சிரிக்கவேண்டாம். எங்கள் தொண்ணூறும் எண்பதுக்குப் பிறகு வருகிறதென்றாலும் நூறைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறது. ஒவ்வொரு பாஷைக்கும் அதனதன் கணக்கு.

இனி மரியாதை. எங்களைப் பற்றி ஒரு குறை சொல்வார்கள், இவர்கள் 'பிளீஸ்' சொல்ல மாட்டார்கள் என்று. அது உண்மை இல்லை. நாங்கள் எப்போதும் சொல்கிறோம். "பால் தாங்கோ" என்கிறோமே, அந்த 'ங்கோ'தான் எங்கள் பிளீஸ். அப்படியே ஆங்கிலத்துக்கு மாற்றி "கிவ் மீ மில்க்" என்றால் அந்த 'ங்கோ' வழியில் விழுந்துபோகிறது. கேட்கிறவனுக்கு "பாலைத் தா" என்று விழும். எங்கள் மனதில் மரியாதை, அவன் காதில் அதட்டல். ஆகவே கடைசியில் ஒரு 'பிளீஸ்', பிரெஞ்சில் என்றால் ஒரு 'சில் வூ ப்ளே'. இதைத் தாழ்மை என்று எண்ணவேண்டாம். ஊரில் பேசிய மரியாதையைத்தான் இங்கேயும் கொண்டுவருகிறீர்கள்.

இப்போது, பாடமாக்க வேண்டிய வசனங்கள். அதிகம் இல்லை.

"ஹவ் மச் இஸ் திஸ், பிளீஸ்?" இது விலை கேட்க. பிரெஞ்சில் "செ கொம்பியான்?"

"கான் ஐ ஹாவ் எ றிசீற், பிளீஸ்?" இது துண்டு கேட்க. துண்டு இல்லாமல் கடையை விட்டு வெளிக்கிடக்கூடாது.

"கான் ஐ றிற்றேர்ன் இற்?" வீட்டில் அளவு சரிவராவிட்டால் திருப்பிக் கொடுக்கலாமா என்று, காசு கட்டுவதற்கு முன்னமே கேட்க. 'ஃபைனல் சேல்' அல்லது 'வாந்த் ஃபினால்' என்று எழுதியிருந்தால், பிடிக்கவில்லை என்று பிறகு கொண்டுபோக முடியாது. 'ஸ்ரோர் கிறெடிற்' என்றால் காசு திரும்ப வராது, அதே கடையில் வேறு சாமான் எடுக்கலாம்.

"எக்ஸ்கியூஸ் மீ, ஐ திங்க் தெயர் இஸ் எ மிஸ்ரேக்." இதுதான் எல்லாவற்றிலும் பெரிய வசனம். "பிழை ஒன்று இருக்குது போல" என்று அர்த்தம். நீ பிழை விட்டாய் என்று ஆரையும் குற்றம் சொல்லாத வசனம்.

கேட்பதற்கு உங்களுக்கு உரிமையும் இருக்கிறது. கியூபெக்கில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1971 இல் இருந்தே உண்டு. ஒவ்வொரு சாமானிலும் விலை ஒட்டாமல் இயந்திரத்தால் விலை வாசிக்கிற கடைகளுக்கு ஒரு விதி இருக்கிறது. தட்டில் போட்டிருக்கிற விலையைவிட இயந்திரம் கூட அடித்தால், 15 டொலர் அல்லது அதற்குக் குறைந்த சாமானை உங்களுக்கு இலவசமாகத் தரவேண்டும். அதற்கு மேற்பட்ட விலை என்றால் சரியான விலைக்குத் தந்து, அதிலும் 15 டொலர் குறைக்கவேண்டும். முன்பு இது 10 டொலராக இருந்தது. 2025 இல் 15 ஆக்கினார்கள். ஆனால் கடைக்காரன் தானாக வந்து தரமாட்டான், வாய் திறந்து கேட்கிறவனுக்குத்தான் இது. அதேபோல வீட்டுக் கதவைத் தட்டி வந்து விற்கிறவனிடம் கையெழுத்து வைத்துவிட்டால், ஒப்பந்தப் பிரதி கிடைத்த நாளில் இருந்து பத்து நாளுக்குள் எழுத்தில் அறிவித்து அதை விட்டுவிலகலாம். விளங்காத தாளில் கையெழுத்து வைக்காமல் இருப்பது அதைவிட நல்லது.

வரியும் ஒரு மயக்கம். தட்டில் 20 டொலர் என்றிருக்கும், காசாளரிடம் 23 ஆகிவிடும். மத்திய அரசின் வரி நூற்றுக்கு 5, கியூபெக் வரி 9.975. நூற்றுக்குப் பதினைந்து என்று மனக்கணக்குப் போட்டால் சரியாக வரும். அரிசி, பால், மரக்கறி போன்ற அடிப்படைச் சாப்பாட்டுச் சாமானுக்கு இந்த வரிகள் இல்லை. சோடாவுக்கும் உருளைக்கிழங்குப் பொரியலுக்கும் உண்டு.

பேரம் பேசலாமா என்று கேட்பீர்கள். சுன்னாகம் சந்தையில் பேரம் பேசாமல் வாங்கினால் விற்கிறவனே எங்களை விசரன் என்பான். இங்கே சூப்பர் மார்க்கற்றில் அது சரிவராது. ஆனால் யூலை முதலாம் திகதி நகரமே வீடு மாறுகிற நேரத்தில் பழைய கட்டில், மேசை விற்பார்கள். அங்கே "இஸ் தற் யுவர் பெஸ்ற் பிறைஸ்?" என்று கேட்பது முறைதான்.

"மாஸ்டர், இங்கிலிஷா பிரெஞ்சா படிக்கிறது?" இது எல்லாரும் கேட்கிற கேள்வி. இது மொன்றியல். 1977 இல் வந்த 101 ஆம் சட்டத்தால் எங்கள் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் போகிறார்கள், கடைப் பெயர்ப்பலகையும் பிரெஞ்சில்தான். ஆனால் பல கடைகளில் "பொன்ஜூர், ஹாய்" என்று இரண்டையும் சேர்த்துத்தான் வரவேற்பு. பிரெஞ்சுக்கு அரசாங்க வகுப்புகள் உண்டு. முந்தி 'கோஃபி' என்ற நிலையங்கள் நடத்தின, இப்போது 2023 இல் தொடங்கிய 'ஃபிரான்சிசாசியோன் கெபெக்' மூலம் பதியவேண்டும். கட்டாயம் பதியுங்கள். எங்கள் சனிக்கிழமை வகுப்பில் ஆங்கில வசனத்தோடு அதன் பிரெஞ்சையும் சேர்த்தே கொடுக்கிறோம். ஒரு கையில் இரண்டு குற்றி வைத்திருப்பதுபோல. எது செல்லுபடியாகுதோ அதைக் கொடுங்கள்.

கடையில் காசு கட்டுகிற இடத்தில் 'கெஸ்' என்று பிரெஞ்சில் எழுதியிருக்கும். பணப்பெட்டி என்று அர்த்தம். ஆங்கிலத்தில் ரொக்கத்தைக் 'காஷ்' என்பது அந்த வழியில் வந்த சொல். ஆனால் ஆங்கில அகராதியில் இன்னொரு 'காஷ்' உண்டு. தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயங்களுக்கு வெள்ளைக்காரர் வைத்த பெயர். அது எங்கள் 'காசு', போர்த்துக்கீசர் வாய் வழியாகப் போனது. எங்களுடைய சொல் எங்களுக்கு முன்னமே கடல் தாண்டி ஆங்கிலத்தில் குடியேறியிருக்கிறது. நாங்கள் மட்டும் அதைச் சொல்லப் பயப்படுவதா?

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று சொல்லி முடிக்கிறேன். இராச் சாப்பாடு முடிந்ததும் மேசையில் பத்துச் சாமானை வையுங்கள், விலைத் துண்டு எழுதுங்கள். பிள்ளை காசாளர், நீங்கள் வாங்குகிறவர். அவன் வேகமாகக் கேட்கட்டும், வேண்டுமென்றே பிழையாக மிச்சம் தரட்டும். நீங்கள் பிடிக்கவேண்டும். கடையில் எங்களுக்குப் பதிலாகக் கதைத்த பிள்ளை, வீட்டில் எங்களுக்குப் படிப்பிக்கிற பிள்ளை ஆகிவிடுவான். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

அந்த அம்மா ஒரு கிழமை முழுவதும் அந்த ஒரு வசனத்தைப் பாடமாக்கினா. சமைக்கும்போதும் "தெயர் இஸ் எ மிஸ்ரேக்", பஸ்ஸிலும் "தெயர் இஸ் எ மிஸ்ரேக்". அடுத்த கிழமை துண்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனா. மகன் கூடப் போனான். ஆனால் "நீ வாசலடியில் நில்" என்று சொல்லிவிட்டா. உள்ளே போய் வசனத்தைச் சொல்லி, துண்டில் இரண்டு இடத்தையும் விரலால் காட்டினா. காசாளர் பார்த்தார், மன்னிப்புக் கேட்டார், வரியோடு 45 டொலர் 99 சதம். காசாகக் கொடுத்தபடியால் 46 டொலராகத் தந்தார்கள். "மாஸ்டர், ஒரு சதம் கூடத் தந்தவை" என்று வகுப்பில் வந்து சொன்னா. எல்லாரும் கைதட்டினோம். வாசலில் நின்ற மகன் வீட்டுக்கு வரும் வழியில் பையைத் தான் வாங்கித் தூக்கிக்கொண்டு வந்தானாம். அதைச் சொல்லும்போதுதான் அவவுக்குக் கண் கலங்கியது.

அன்பானவர்களே, இன்று பிள்ளைகளுக்குக் கைவிசேஷம் கொடுக்கிறோம், நல்லது. அதோடு இன்னொன்றும் கொடுப்போம். நாளைக்குக் கடைக்குப் போகும்போது பிள்ளையைப் பின்னால் நிற்க விட்டு, நீங்கள் முன்னால் நின்று, வாய் திறந்து விலை கேளுங்கோ. பிழைத்தால் பிழைக்கட்டும். விரித்த கையோடு நிற்பதைவிடப் பிழையான ஆங்கிலம் எவ்வளவோ மேல்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் சந்திப்போம். வரும்போது பழைய கடைத் துண்டுகளை எறியாமல் கொண்டுவாருங்கோ, அதுதான் எங்கள் பாடப் புத்தகம்.